சம்பளம் கொடுத்தால் மாத்திரைக்குத்தான் போகுமா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு 24 வயது. வலி மாத்திரையைப் போதைக்காகப் போட்டுப் பழகி, சிகிச்சை எடுத்து, மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. பட்டறையில் வேலை கொடுத்து, மாத்திரை போடாமல் இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் காசும் தரலாம் என்று நினைக்கிறேன். "ஒழுங்காக இருக்க லஞ்சமா? கையில் காசு வந்தால் மறுபடி மாத்திரைதான்" என்கிறார் என் மனைவி. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: வேலை கொடுங்கள். கூடுதல் காசு யோசனையும் நல்ல யோசனைதான், ஆனால் அதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி பயப்படுவதிலும் நியாயம் உண்டு, அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் லஞ்சம் என்ற பேச்சு. மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் சுகம். போடாமல் இருந்தால் என்ன கிடைக்கும்? உடம்பு தேறும், கல்யாணம் ஆகும், ஊரில் பேர் மீளும். எல்லாம் எப்போதோ வரப்போவது. இந்தப் போட்டியில் அவன் தோற்பதில் ஆச்சரியமே இல்லை. அதனால் இன்றைக்கே கையில் கிடைக்கிற ஒன்று இந்தப் பக்கமும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மாண்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1990களின் தொடக்கத்தில் கோகெயின் பழக்கம் உள்ளவர்களிடம் இதைத்தான் செய்து பார்த்தார். வாரம் மூன்று சிறுநீர் பரிசோதனை, சுத்தமாக இருந்தால் ஒரு வவுச்சர். முதல் வவுச்சர் 2.50 டாலர், தொடர்ந்து சுத்தமாக இருக்க இருக்க ஒவ்வொரு தடவையும் 1.25 டாலர் கூடும். போட்டுவிட்டால் பழையபடி 2.50. பணமாகக் கொடுக்கவில்லை, அவர்கள் கேட்ட பொருளை மையத்து ஆட்களே வாங்கிக் கொடுத்தார்கள். 1994இல் வெளிவந்த ஆய்வில் வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வார சிகிச்சையை முடித்தார்கள், பெறாதவர்களில் 40 சதவீதம்.

அப்புறம், "வேலை கொடுத்துவிட்டால் தானாகத் திருந்திவிடுவான்" என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வோம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் சில்வர்மன் அதையே சோதித்துப் பார்த்தார். ஹெராயின் வகைப் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கிற மெத்தடோன் என்ற மருந்துச் சிகிச்சையில் இருந்துகொண்டே கோகெயினும் எடுத்துவந்த 56 பேர். எல்லோருக்கும் சம்பளத்தோடு வேலைப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. இன்னொரு பிரிவு, பரிசோதனையில் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே வந்து முழுச் சம்பளம் வாங்கலாம். 2007இல் வந்த முடிவில் நிபந்தனை இல்லாதவர்களின் பரிசோதனைகளில் 10 சதவீதம்தான் சுத்தம், நிபந்தனை உள்ளவர்களிடம் 29 சதவீதம். 29 பெரிய எண் இல்லை, தெரியும். ஆனால் வேலை மட்டும் போதாது என்பது இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

சரி, உங்கள் பட்டறைக்கு வருவோம். செய்த வேலைக்கான கூலி அவனுடையது, அவன் மாத்திரை போட்டிருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். மில்லில் வருகை போனஸ் கொடுப்பதுபோல இதைத் தனியாக வையுங்கள். திங்கள், புதன், வெள்ளி பரிசோதனை, ரிசல்ட் வந்த அதே நிமிடம் போனஸ். 50 ரூபாயில் ஆரம்பித்துத் தடவைக்கு 10 ரூபாய் ஏற்றலாம். மாட்டினால் திரும்பவும் 50. திட்டு வேண்டாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், அடுத்த பரிசோதனைக்கு வா என்று சொன்னால் போதும். ஹிக்கின்ஸ் முறையில், தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக இருந்தால் விட்ட இடத்துக்கே தொகை திரும்பிவிடும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை சறுக்கியவன் "எல்லாம் போச்சு" என்று கைவிட்டுவிடாமல் இருக்க.

பரிசோதனை கிட் வாங்கும் முன் அவனுடைய டாக்டரைக் கேளுங்கள். அபின், ஹெராயின் வகையைக் காட்டுகிற சாதாரண கிட்டில் டேபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் தெரியாமல் போகும். அவனும் அதைக் கண்டுபிடித்துவிடுவான், பிறகு உங்கள் ஏற்பாடே வீண். புப்ரெனார்ஃபின் மாதிரி சிகிச்சை மருந்து டாக்டர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது போதை கணக்கில் வராது. டாக்டர் சரி என்கிற வரைக்கும் அவனை லேத்தில் நிறுத்தவும் வேண்டாம். பிசிறு தட்டுவது, அளவு பார்ப்பது, பேக்கிங் என்று வேலையா இல்லை?

ஒரு விஷயத்தில் அக்கா வீட்டாரும் கவனமாக இருக்க வேண்டும். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவு போட்டால் மூச்சு நின்று உயிரே போகலாம். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அடியுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

எவ்வளவு நாள் கொடுப்பது என்று கேட்பீர்கள். பரிசு நின்றதும் பழக்கம் திரும்புவது பலரிடமும் நடந்திருக்கிறது, சில்வர்மன் வேலையோடு இதை இணைத்ததே அதனால்தான், பட்டறையை வருஷக்கணக்கில் நடத்தலாம் அல்லவா. ஆறு மாதத்தில் கைவிடாதீர்கள். பரிசோதனையைக் குறைத்துக்கொண்டே போகலாம்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வழி, போனஸைக் காசாகத் தராமல் நோட்டில் எழுதி, சேர்ந்ததும் பொருளாக வாங்கித் தருவது. என்ன பொருள் என்பதை நீங்களோ அக்காவோ முடிவு செய்யாமல் அவனையே கேளுங்கள். ஷூ என்றாலும் சரி, போன் ரீசார்ஜ் என்றாலும் சரி.