ஓவியத்துப் பெண்களின் உடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆடை வடிவமைப்பு படிக்கிறேன். இறுதியாண்டுக்காக 15ஆம் நூற்றாண்டில் ஃப்ளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பகுதியின் நகரத்துப் பெண் ஒருத்தியின் உடையைத் தைக்கப்போகிறேன். யான் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியம்தான் கையில் இருக்கும் ஆதாரம். அதில் பச்சை அங்கியோடு நிற்பவர் கர்ப்பிணி என்கிறார்கள். அப்படியானால் என் அளவெல்லாம் தப்பாகிவிடாதா? ஓவியத்தை நம்பித் துணியை வெட்டலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அவர் கர்ப்பிணி இல்லை. அங்கியின் இடுப்புக்கச்சை மார்புக்குக் கீழேயே கட்டப்பட்டிருக்கிறது. பாவாடையோ தரையில் புரளும் நீளம். அள்ளிப் பிடிக்காமல் ஓரடி நடக்க முடியாது. அள்ளிய துணியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். அந்த ஓவியம் 1434ஆம் ஆண்டுடையது. அதே வான் ஐக் 1437இல் வரைந்த மூன்று மடிப்புப் பலகை ஓவியம் டிரெஸ்டனில் இருக்கிறது. அதில் வரும் புனித கேத்தரினுக்கும் இப்படித்தான் வயிறு எடுப்பாக இருக்கும். கன்னியாகவே உயிர்விட்ட புனிதை அவர். ஆக, அது அன்றைய அழகின் வடிவம். நீங்கள் கணக்கிட வேண்டியது வயிற்றை அல்ல, துணியின் கனத்தை: கம்பளி, உள்ளே முழுக்க உரோமத்தோல்.

ஓவியத்தை நம்பலாமா என்றால், யார் காசு கொடுத்து வரையச் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். கல்யாண ஆல்பத்தை மட்டும் பார்த்து ஒரு குடும்பம் தினமும் என்ன உடுத்தியது என்று சொல்ல முடியுமா? பிரான்சின் பெரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் என்ற ஓவியர்கள் தீட்டிய ஜெப நூலில் ஜூன் மாதப் பக்கத்தைப் பாருங்கள். பாரிஸ் அரண்மனைக்கு முன்னால் பெண்கள் வெறுங்காலோடு அறுத்த புல்லை வாருகிறார்கள். உடையில் ஓர் அழுக்கு இல்லை. அந்த நூலின் நீலத்துக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து போன லாபிஸ் லாசுலி கல்லை அரைத்திருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கோமகனின் பணம். வயற்காட்டுக் கம்பளியின் நிறமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மேலாடையைத் தூக்கிச் செருகியிருப்பதும், கீழே வெள்ளை லினன் உள்ளங்கி தெரிவதும் உண்மை. கோமகனை மகிழ்விக்க அதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இப்படிப் போகிறபோக்கில் வந்து விழும் விவரங்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஒவ்வொரு படத்திலும் நான் தேடுவது ஒன்றுதான்: இந்த உடையை இவள் எப்படிப் போட்டாள், எப்படிக் கழற்றினாள்? லண்டன் நேஷனல் கேலரியில் ரொபேர் காம்பின் 1435 வாக்கில் வரைந்த ஒரு பெண்ணின் உருவப்படம் இருக்கிறது. வெள்ளை முக்காட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடித்து வைத்திருந்த லினனின் மடிப்புக்கோடு இன்னும் போகவில்லை. அடுக்குகளைப் பிடித்திருக்கும் குண்டூசித் தலைகள்கூடத் தெரியும். தைத்த தொப்பி அல்ல அது. சதுரத் துணியைத் தலையில் சுற்றி ஊசி குத்தியிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய செய்முறையே அந்தப் படத்தில் இருக்கிறது.

ஓவியம் வாய் திறக்காத இடங்களும் உண்டு. ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008இல் தளத்தடியில் கிடைத்த துணிக் குவியலில் 15ஆம் நூற்றாண்டு லினன் மார்புக்கச்சைகள் இருந்தன. மார்பைத் தாங்கும் கிண்ணங்களைத் தனித்தனியாக வெட்டித் தைத்தவை. ஒன்றில் பக்கவாட்டில் நாடா கோக்கத் துளைகள். மேலங்கியின் மார்பு ஏன் அப்படி அமர்ந்தது என்பதற்கு ஓவியங்கள் தராத விளக்கம் அங்கே கிடைத்தது. பாவாடை வட்டத்துக்கு கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் அங்கிகளைப் பாருங்கள். உறைந்த கல்லறை மண்ணிலிருந்து 1921இல் தோண்டி எடுத்தவை; இன்று கோபன்ஹேகனில் இருக்கின்றன. நாட்டுப்புற உடைகள்தான், ஃப்ளாண்டர்ஸ் பாணி அல்ல. ஆனாலும் கம்பளியில் முக்கோணத் துண்டுகளைச் செருகி எப்படி விரிவு கொண்டுவந்தார்கள் என்பதைத் தையலோடு காட்டுகின்றன.

பச்சை அங்கியிலிருந்து தொடங்காதீர்கள். லினன் உள்ளங்கி, அதன்மேல் உடலோடு ஒட்டிய கம்பளி அங்கி, பிறகு முக்காடு. இந்த மூன்றையும் தைத்து ஒருவருக்கு உடுத்தி, குனியவும் படியேறவும் சொல்லிப் பாருங்கள். பச்சை அங்கிக்குத் துணி வாங்குவது அதன் பிறகு இருக்கட்டும்.