கேளுங்கள், சொல்கிறேன்: இடுப்பில் நாலாயிரம் டாலர்

(ஹூஸ்டன் பக்கம் வார இறுதிகளில் கைத்துப்பாக்கிப் பயிற்சி தரும் நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மூன்று வருடமாக இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல் வைத்திருக்கிறேன். துப்பாக்கியோடு வெளியே போக டெக்சஸ் தரும் எல்.டி.சி. லைசென்சும் இருக்கிறது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே ஒரு நல்ல கஸ்டம் பிஸ்டல் வாங்கிக்கொள்ள ஆசை. பெட்டியில் பூட்டி வைக்க இல்லை, தினமும் வைத்துக்கொள்ளத்தான். நைட்ஹாக் கமாண்டர் .45, வில்சன் காம்பாட் இ.டி.சி. எக்ஸ்9, ஸ்டக்காட்டோ சி.எஸ். இந்த மூன்றில் எது?
கே.எஸ்., கேட்டி, டெக்சஸ்

எக்ஸ்9. இழுத்தடிக்காமல் விடையைச் சொல்லிவிட்டேன். காரணம் கொஞ்சம் நீளம்.

முதலில் நைட்ஹாக். உங்கள் மனசு அதில்தான் இருக்கிறது என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, பட்டியலில் அதுதான் முதலில் நிற்கிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியை, இழுத்தேன். கடைசி வரை ஒரே இறுக்கம், ஒரே வழுக்கல். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், துளி அசைவு இல்லை. நான் கோவையில், பீளமேட்டுப் பட்டறையில் அரம் பிடித்துத் தொழில் கற்றவன். இரண்டு இரும்பு இப்படி ஒன்றின்மேல் ஒன்று உட்கார, மை தடவி, உரசி, மினுங்குகிற இடத்தை மட்டும் எடுத்து, மறுபடி தடவி எத்தனை முறை பார்த்திருப்பார்கள் என்று தெரியும். நைட்ஹாக்கில் ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள்தான் செய்வார். கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் அடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். நாலாயிரம் டாலரில் பெரும்பங்கு அந்தக் கைக்குக் கொடுக்கும் கூலிதான். நியாயமான கூலி.

வில்சனும் நைட்ஹாக்கும் ஆர்கன்சாவில் பெர்ரிவில் என்கிற அதே சின்ன ஊர்க்காரர்கள். பில் வில்சன் 1977ல் குடும்பத்து நகைக்கடையின் பின்பக்கம் ஆரம்பித்தார், அவர் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். வில்சனிடம் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து 2004ல் தொடங்கியது நைட்ஹாக். ஆக, கைவேலையில் எது உசத்தி என்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பள்ளிக்கூடம்.

நீங்கள் கேட்பது தினமும் வைத்துக்கொள்ள. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

கமாண்டர் என்றால் 4.25 அங்குலக் குழல், மேகசினில் எட்டு .45 தோட்டா (.45 என்பது அங்குலத்தில் தோட்டாவின் குறுக்களவு). நீங்கள் பழகியிருப்பது பதினைந்து தோட்டா. .45 ஆளைத் தூக்கி எறியும், 9 மி.மீ. போதாது என்று ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், பெரியவர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எஃப்.பி.ஐ. பத்து மில்லி, .40 எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு 9 மில்லிக்கே திரும்பிவிட்டது. இன்றைய ஹாலோ பாயின்ட் தோட்டாவில் (முனையில் குழி வைத்தது, பட்டதும் விரியும்) வித்தியாசம் குறைவு, உதைப்பில் வித்தியாசம் அதிகம். விலையிலும்தான்: .45 தோட்டா 9 மில்லியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். கையைச் சுடும் விலை என்றால் பயிற்சி குறையும்.

அடுத்தது நம் ஊர் வெயில். ஹூஸ்டன் ஆகஸ்ட் மாதத்தில் சட்டைக்குள் இரும்பு வைத்தால் சாயங்காலத்துக்குள் வியர்வையில் குளித்துவிடும். நீலம் போட்ட, அதாவது ரசாயனத்தில் கருநீலமாக்கிய, கார்பன் ஸ்டீலில் துரு முதலில் பிடிப்பது உடம்போடு ஒட்டும் பக்கம்: பின்புற சைட்டின் ஓரம், சேஃப்டி நெம்புகோலின் இடுக்கு, கைப்பிடித் திருகின் தலை. கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று நீலம் கேட்காதீர்கள். ரேஷன் கடை வரிசைக்குக் காஞ்சிபுரம் பட்டு கட்டிப்போவது மாதிரி அது. எந்தக் கம்பெனியிலும் ஸ்டெயின்லெஸ், அல்லது டி.எல்.சி. என்கிற கெட்டியான கார்பன் பூச்சு கேளுங்கள். இன்னொன்று, நைட்ஹாக்கின் கைப்பிடியில் வெட்டிய கட்டக்கோடுகள். அங்குலத்துக்கு 25 வரி. சுடும்போது பிடி நழுவாது, அருமை. ஆனால் எட்டு மணி நேரம் விலாவில் உரசினால் தோல் சிவக்கும், பனியன் நைந்து போகும். எக்ஸ்9ல் இருக்கும் பெருக்கல் குறி மாதிரியான வரிப்பள்ளங்கள் அவ்வளவு கடிக்காது.

எக்ஸ்9க்கு அலுமினிய உடல், 4 அங்குலக் குழல், 9 மி.மீ., பதினைந்து தோட்டா. உங்கள் கிளாக்கின் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது, எடை சற்றே கூடும். விசை மட்டும் வேறு உலகம்: நேர் பின்னால், குறுகிய இழுப்பு, கண்ணாடி உடைவது போல ஒரு வெட்டு. விலை மூவாயிரத்துச் சில்லறை.

ஸ்டக்காட்டோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் டெக்சஸில் செய்வது, சுடும்போது கையில் மிதக்கும், சி.எஸ். 3.5 அங்குலக் குழலில் பதினாறு தோட்டா எடுத்துக்கொள்ளும், மற்ற இரண்டையும்விட மலிவு. கை பெரிதாக இருந்தால் அதையே எடுங்கள் என்பேன். எனக்கு அதன் பிடி கொஞ்சம் பருமன். கடைக்குப் போய் இரண்டையும் பிடித்துப் பாருங்கள். விசைக்கு விரல் நேராகப் போகவேண்டும், கை மணிக்கட்டு திரும்பக்கூடாது. இதை நான் எழுத்தில் சொல்லித் தர முடியாது.

எதை வாங்கினாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் கிளாக்கில் தனி சேஃப்டி நெம்புகோல் கிடையாது. இந்த மூன்றிலும் உண்டு: சுத்தியல் பின்னால் ஏறியிருக்கும், சேஃப்டி மேலே பூட்டியிருக்கும், அப்படித்தான் இடுப்பில் வைக்கவேண்டும். உருவும்போது பெருவிரல் அதைத் தானாகக் கீழே தள்ளவேண்டும், ஹோல்ஸ்டர் உறைக்குள் திருப்பி வைக்குமுன் தானாக மேலே தள்ளவேண்டும். மூன்று வருடக் கிளாக் பழக்கத்தில் உங்கள் பெருவிரல் இதைக் கற்றதே இல்லை. வெறும் துப்பாக்கியை வைத்து வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள், பக்கத்து அறையில்கூடத் தோட்டா இல்லாமல். விரலுக்கு வந்த பிறகு இடுப்புக்கு மாற்றுங்கள். அதுவரை கிளாக்தான்.

நாலாயிரத்தையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதீர்கள். கெட்டியான பெல்ட், அந்த மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர், கூடுதல் மேகசின்கள் என்று கொஞ்சம் போகும். அப்புறம் சுட்டுப் பார்க்க ஐந்நூறு தோட்டா, அதில் குறைந்தது நூறு நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் அதே ஹாலோ பாயின்ட். இறுக்கமாகக் கட்டிய துப்பாக்கிகள் ஆரம்பத்தில் சிக்குவதுண்டு. விலை அதிகம், அதனால் சிக்காது என்று நம்புகிறவர்களை ரேஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளாக்கை விற்காதீர்கள். கடவுள் புண்ணியத்தில் அப்படி ஒன்று நடக்கவேண்டாம், ஆனால் தற்காப்புக்காக ஒருமுறை சுட நேர்ந்தால் போலீஸ் அந்தத் துப்பாக்கியைச் சாட்சியப் பொருளாக எடுத்துப் போகும். வழக்கு முடியும்வரை வராது, அதுவரை இடுப்புக்குக் கிளாக் வேண்டும். நைட்ஹாக் வாங்காததில் உங்களுக்கு வருத்தமாக இருந்தால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் இப்போது லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, நான் வாங்கலாமா?
ஆர்.எம்., இர்விங்

பொறுங்கள் தம்பி. 2021 செப்டம்பர் முதல் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள டெக்சஸ் அனுமதிக்கிறது என்பது சரி. ஆனால் அது சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்களுக்கு. அமெரிக்க மத்திய சட்டம் எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்குத் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது என்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நண்பர் பேச்சைக் கேட்டுச் செய்யாதீர்கள், வக்கீலைக் கேளுங்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் கையில் வைத்திருப்பதுதான். தண்டனை 15 ஆண்டு வரை சிறை, அதோடு விசாவும் போகும். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை விலகும், அப்போது பேசலாம்.

என் கணவர் இரவில் துப்பாக்கியைக் கட்டில் பக்கத்து டிராயரில் வைக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது. சொன்னால் "அவனுக்குத் தெரியாது" என்கிறார்.
பெயர் வேண்டாம், ஷுகர்லேண்ட்

அவனுக்குத் தெரியும், சகோதரி. டிராயரில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்பது வயதுப் பையனை நான் பார்த்ததில்லை. எண் பொத்தான் வைத்த சின்ன இரும்புப் பெட்டி வாங்கி, கட்டில் சட்டத்தோடு திருகி வையுங்கள். இடுப்பிலிருந்து எடுக்கும்போது ஹோல்ஸ்டரோடு சேர்த்து எடுத்து அப்படியே உள்ளே வைக்கச் சொல்லுங்கள், விசையை யாரும் தொட வேண்டி வராது. தோட்டா போட்ட துப்பாக்கியை எட்டும்படி விட்டு, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்சஸில் அது விட்டவர் மேல் குற்றம். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அந்த டிராயரிலேயே வையுங்கள், படிப்பார்.

டல்லாஸிலிருந்து ஊருக்கே திரும்பிவரும் என் மைத்துனர், தன் 9 மி.மீ. பிஸ்டலை மதுரைக்குக் கொண்டுவரலாமா?
பி.வி., மதுரை

முடியாது. இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் கிடைத்தாலும் .32 போன்றவைதான், அதுவும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு. பெட்டியில் ஒரு தோட்டா மறந்து கிடந்தால்கூட விமான நிலையத்தில் சிக்கல். கிளம்புமுன் டல்லாஸில் உரிமம் பெற்ற கடையில் விற்று, ரசீது வாங்கிக்கொள்ளட்டும். ரேஞ்சுக்குத் தூக்கிப்போன பையையும் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், தையல் ஓரத்தில் தோட்டா ஒளிந்துகொள்ளும்.