தாத்தா தொடங்கிய கம்பெனியும் மடக்கு டேங்கும்

கே: லாரித் தண்ணீர் பிடித்து வைக்க 2,000 லிட்டர் மடக்கு டேங்க் வாங்கப் போகிறேன். தாத்தா தொடங்கிய கம்பெனி, இப்போது பேரன் நடத்துகிறார் என்கிறார்கள். நம்பலாமா?
– மடிப்பாக்கம் வாசகர்

ப: தாத்தாவை நம்புங்கள், டேங்கின் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். இந்தக் குடும்பக் கதைகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பொய் என்பதால் இல்லை. மாடியில் நிற்கும் எந்தக் கருப்பு டேங்கையும் நாம் சின்டெக்ஸ் என்கிறோமே, அதுவும் படேல் குடும்பத்தின் துணி மில்லில் பிறந்ததுதான். குஜராத் கலோலில் 1931-ல் தொடங்கிய பாரத் விஜய் மில்ஸ், 1975-ல் பிளாஸ்டிக்கில் இறங்கியது. சின்டரிங் (தூளைச் சூட்டில் இறுக்குவது), டெக்ஸ்டைல் இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். பெயர் ஊரெல்லாம் நின்றுவிட்டது. கம்பெனி கடனில் மூழ்கி, டேங்க் தொழில் 2023-ல் வெல்ஸ்பன் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. பரம்பரையின் உத்தரவாதம் அவ்வளவுதான்.

மடக்கு டேங்க் என்பது பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி. மூட்டுகளைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருக்க வேண்டும். வெறும் ஊசித் தையல் என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது நானும் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் தன் அப்பாவின் போட்டோவைக் காட்டினார். நான் போட்டோவைப் பார்த்தேன், மூட்டைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தண்ணீர். ஆறு நாள் காத்திருந்து வாங்கிய லாரித் தண்ணீர்!

இன்னொன்று, 2,000 லிட்டர் என்றால் இரண்டு டன் எடை. சமமான தரை வேண்டும், அடியில் ஒரு கூரான கல் கூட இருக்கக் கூடாது. படுத்துக் கிடக்கும் பை என்பதால் தண்ணீர் தானாக மாடி ஏறாது. மோட்டார் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

கே: துணி டேங்கில் ஐஎஸ் 12701 என்று அச்சடித்திருக்கிறது. நல்லதுதானே?
– அம்பத்தூர் வாசகர்

ப: அது அச்சில் வார்த்த கெட்டி பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) டேங்குக்கான இந்தியத் தர எண். துணிப்பையில் போட்டவர் வேறு எதையும் போடுவார்.

கே: பில் வாங்கவில்லை. ஜிஎஸ்டி மிச்சமாகும் என்றார்கள். இப்போது ஒழுகுகிறது.
– பெயர் வேண்டாம்

ப: மிச்சமான பணத்தில் ஒரு பக்கெட் வாங்கி அடியில் வையுங்கள்.

கே: வீட்டுக்காரர் ஓய்வூதியத்தில் வாங்கிய டேங்க். முதல் நாளே மூட்டு பிரிந்துவிட்டது. பில் இருக்கிறது. கடைக்காரர், 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார்.
– பெரம்பூர் வாசகி

ப: அம்மா, அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் உங்களுக்கு உண்டு. இன்றே போட்டோ எடுத்துக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் அடுத்த மாதமே போங்கள். பிரிந்த டேங்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.