நிலவில் உச்சிவேளை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சந்திரயான் 3-இன் விக்ரம் கலத்தைப் பழுதுபார்க்கப் போகும் இருவர் நிலவின் தென்துருவப் பகுதியில் இரவில் சிக்கிக்கொள்கிறார்கள். கலம் தானாக விழிக்கிறது, ஒரு பெண்ணின் கொலுசொலி கேட்கிறது. படித்த நண்பர்கள் யாருக்கும் பயம் வரவில்லை. நிலவில் நடக்கும் பேய்ப்படங்கள் பெரும்பாலும் ஏன் தோற்கின்றன? அறிவியலையும் பேயையும் சேர்ப்பதே தவறா? குறைந்த செலவில் எடுக்க முடியுமா? நான் எந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நிலவைக் களமாகக் கொண்ட பேய்ப்படங்கள் எல்லாம் ஏன் இருட்டைத் தேடி ஓடுகின்றன என்ற கேள்வி சில மாதங்களாகவே என்னைக் குடைந்துகொண்டிருந்தது. உங்கள் திரைக்கதையும் அதே இருட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டதைக் கண்டதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்றே இல்லாத இடத்தில் கொலுசு எப்படிக் கேட்கும்? இது உங்களுக்குத் தெரியாததல்ல. பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டீர்கள், அது சோம்பல். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 வீரர்கள், தாங்கள் நிலவிலிருந்து ஏறிவந்த கலத்தை வேலை முடிந்தபின் நிலவின்மீதே மோதவிட்டார்கள். தரையில் அவர்கள் வைத்துவிட்டு வந்த நில அதிர்வுக் கருவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்த அதிர்வைப் பதிவுசெய்துகொண்டே இருந்தது. தரை அவ்வளவு நேரம் நடுங்கியும் காதுக்கு ஒன்றுமே எட்டாத ஓர் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு படங்களில் தேய்ந்துபோன கொலுசை எடுத்திருக்கிறீர்கள்.

அறிவியலும் பேயும் சேரலாமா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. 1902-இல் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேஸ் தம் படத்தில் பீரங்கிக் குண்டை நிலவின் கண்ணில் பாய்ச்சிய நாளிலிருந்தே அறிவியலும் மாயமும் நிலவில் சேர்ந்துதான் குடியிருக்கின்றன.

நான் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களை எந்த நேரத்தில் வெளியே போகாதே என்று தடுத்தார்கள்? இரவில் மட்டுமா? உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்காதே, கிணற்றடிக்குத் தனியாகப் போகாதே, முனி அடித்துவிடும் என்று சொல்லாத ஆயா நம் பக்கத்தில் உண்டா? நிழல் காலடியில் சுருங்கி, தெருவில் ஆள் நடமாட்டம் அற்று, எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும் அந்த நேரத்தையும் பயத்துக்குரியதாக வைத்திருக்கும் மரபு நம்முடையது. அந்தச் சொத்தை விட்டுவிட்டு அயல்நாட்டுப் படங்களின் இருட்டைக் கடன் வாங்கியிருக்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நிலவின் உச்சிவேளை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு பகல் நம் கணக்கில் சுமார் 14 நாள். நிலநடுக்கோட்டுப் பகுதியில் தலைக்கு மேலே வந்துவிட்ட சூரியன் நம் கணக்கில் ஒரு நாளுக்குச் சுமார் 12 டிகிரிதான் விலகும். தரை 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும், வானமோ கன்னங்கரேலென்றிருக்கும். நிழல் இல்லாததால் மேடும் பள்ளமும் ஒரே சாம்பல் பரப்பாகிக் கண்ணை ஏமாற்றும். அப்பல்லோ கலங்கள் ஆறும் அந்தந்த இடத்தின் காலைப் பொழுதில், சாய்ந்த வெயிலில் இறங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான்: நிழல் நீண்டு விழுந்தால்தான் குழி எது, பாறை எது என்று தெரியும். வீரர்கள் நடந்து திரும்பியதும் காலை வெயிலில்தான். நிலவின் உச்சிவேளையில் இன்றுவரை எந்த மனிதரும் நடந்ததில்லை, கார்த்திக். ஒரு பயக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிறுவயதில் எண்ணூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது, சுற்றுவழியை மிச்சப்படுத்த, அனல்மின் நிலையச் சாம்பல் காய்ந்து கிடந்த வெளியின் குறுக்கே ஒரு நடுப்பகலில் நானும் என் அக்காவும் இறங்கினோம். வழிக்கு அடையாளம் தூரத்தில் தெரிந்த புகைபோக்கி மட்டும். நடக்க நடக்க அது கிட்டே வரவும் இல்லை, எட்டிப் போகவும் இல்லை. ஒரு மரமோ குடிசையோ ஆளோ இருந்தால் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அளந்துகொள்ளலாம். அங்கே அளக்க ஒன்றுமே இல்லை. எல்லாத் திசையும் தெளிவாகத் தெரிகிறது, எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரியவில்லை. எதையும் அழாமல் தாங்கும் அக்கா அன்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வெயிலில் எங்களைத் துரத்த யாருமே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து அப்பல்லோ 14 பற்றிப் படித்தபோது அந்தப் பகல் எனக்குப் புரிந்தது. 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன் என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தேடிக் கருவிவண்டியை இழுத்துக்கொண்டு மேடேறினார்கள். 300 மீட்டருக்கும் அதிகமான அகலமுள்ள பள்ளம். கையில் வரைபடம் உண்டு, நல்ல வெளிச்சமும் உண்டு. ஆனாலும் இதோ விளிம்பு என்று ஏறிய மேட்டுக்கு அப்பால் இன்னொரு மேடுதான் இருந்தது. தூரத்தை மங்கலாக்கிக் காட்டக் காற்று இல்லை. பக்கத்துச் சிறுகல்லும் தொலைவிலுள்ள பெரும்பாறையும் ஒரே கூர்மையோடு தெரிந்தன. மூச்சு வாங்கி, நேரமும் தீர்ந்து, விளிம்பைக் காணாமலே திரும்பினார்கள். சுமார் 30 மீட்டர் தூரம்தான் பாக்கியிருந்தது என்பது பின்னாளில் நிலவைச் சுற்றிவந்து எடுத்த படங்களில் தெரிந்தது.

நான் இதை விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘அப்பல்லோ 18’ (2011) படத்தின் முதற்பாதியில் இந்த நிலவெளியின் திகில் கொஞ்சம் இருந்தது. பிறகு அவர்களே அதை நம்பாமல், கல்லைச் சிலந்திபோன்ற உயிராக மாற்றி, இருண்ட பள்ளத்துக்குள் கேமராவின் மின்வெட்டொளியில் பிணத்தைக் காட்டிக் கெடுத்துக்கொண்டார்கள். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தைப் பாருங்கள். நிலவில் தோண்டியெடுத்த கரும்பாளத்தின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளும் மனிதர்கள் திடீரென்று காதைப் பொத்தித் துடிக்கிறார்கள். புதைந்து கிடந்த அந்தப் பொருளைச் சூரிய ஒளி தொட்ட நேரம் அது. இயக்குநர் குப்ரிக் அந்தக் காட்சியில் பயத்தை வெயிலிலிருந்து வரவழைத்தார். டங்கன் ஜோன்ஸின் ‘மூன்’ (2009) படத்தையும் பார்த்துவிடுங்கள். நிலவெளிக் காட்சிகளைச் சிறு மாதிரி உருவங்களை வைத்தே எடுத்த படம் என்பதால் செலவு பற்றிய உங்கள் கவலைக்கும் அதில் ஏதேனும் விடை கிடைக்கலாம்.

விக்ரமை விட்டுவிடுங்கள். அது 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கியது ஏறத்தாழ 69 டிகிரி தெற்கில். அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. கதையை நிலநடுக்கோட்டுக்குக் கொண்டுபோங்கள். இருவரில் ஒருவர் கலத்தை விட்டு வெளியேறி, திரும்பும் வழியை வெட்டவெளிச்சத்தில் தொலைக்கட்டும். அப்பல்லோ வீரர்களின் உடை, முதுகுப்பெட்டியிலிருந்த நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்வித்தது. உங்கள் ஆளுக்கும் அப்படி ஓர் உடையைக் கொடுத்து, அந்த நீர் இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரவுக் காட்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா