ஆன்ஜ் இசைக்குழுவின் ஆல்பங்களை நாடகத்தன்மை கொண்டவை என்று ஏன் சொல்கிறார்கள்?

பாடகர் பாட்டைப் பாடுவதோடு நிற்காமல், அதில் வரும் ஆளாகவே மாறிவிடுவதுதான் நாடகத்தன்மை. 1969இல் பிரான்சின் பெல்ஃபோர் நகரில் உருவான ஆன்ஜ் என்ற ராக் குழுவில் பாடகர் கிறிஸ்தியான் தெகாம் முணுமுணுப்பார், கத்துவார், கெஞ்சுவார். பிரெஞ்சு மொழிப் பாட்டு மரபில் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. 1973 ஆல்பத்தில் பெல்ஜியப் பாடகர் ழாக் பிரெலின் பாடலொன்றை இவர்கள் பாடியதும் அதனால்தான். பாட்டி கதை சொல்லும்போது நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் வருமே, அப்படி.

எனக்கு மிகப் பிடித்தது 1975இல் வந்த ‘எமில் ழாகோத்தே’ ஆல்பம். லாடம் அடித்து வாழ்ந்த முதியவர் ஒருவரின் கதைகளிலிருந்து பிறந்தது. அவருடைய சொந்தக் குரலே அதில் ஒலிக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

ஆன்ஜின் ஆல்பங்கள் மேடை நாடகங்களுக்குப் போட்ட இசை என்று நினைக்கத் தோன்றலாம். இல்லை, ராக் ஆல்பங்களாகவே உருவானவை.