200, 300 பேர் பேசுவதையெல்லாம் தனி மொழி என்று எப்படிச் சொல்வது? அது வட்டார வழக்குதானே?

பப்புவா நியூகினியில் 800-க்கும் மேல் மொழிகள் என்று படித்துவிட்டு, கணக்கை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்நாட்டுத் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதியவன். மொழியியல் படித்தவன் இல்லை. பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எங்கள் ஸ்டோர்கீப்பர் மேற்கு மாகாணத்தில் மோர்ஹெட் பக்கத்துக்காரர். தாய்மொழி கோம்ன்சோ. பேசுகிறவர்கள் சுமார் 250 பேர்தான். பக்கத்து ஊர்களில் வாரா, அன்டா என்று வேறு பேச்சு. ஆராய்ச்சியாளர்கள் இவற்றை டோண்டா என்ற ஒரே மொழித் தொடரில் வைக்கிறார்கள். கிறிஸ்டியன் டோலர் என்பவர் 2018-இல் கோம்ன்சோவுக்கு முழு இலக்கணமே வெளியிட்டிருக்கிறார், இலவசமாகவே கிடைக்கிறது.

"அப்போ எல்லாம் ஒரே பாஷைதானே?" என்று ஸ்டோர்கீப்பரிடம் கேட்டேன். மனுஷனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அங்கே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வழக்கம். என் தங்கை உன் வீட்டுக்கு, உன் தங்கை என் வீட்டுக்கு. சொந்தக் கூட்டத்துக்குள் கட்டக் கூடாது. அவர் மனைவி வாரா பேசுகிற ஊர். பிள்ளைகளோடு அந்த அம்மா வாராவில்தான் பேசுவார், இவர் கோம்ன்சோவில். "எல்லாம் ஒன்றென்றால் நாங்கள் எப்படிச் சம்பந்தியானோம்?" என்றார். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஸ்டாக் எடுக்கும்போது ஊரில் யாம் கிழங்கு எண்ணுவதைச் சொல்வார். இரண்டு பேர் ஆளுக்கு மூன்றாக எடுத்து வைக்க, ஒரு நடைக்கு ஆறு. ஆறாறு 36, அதை ஆறால் பெருக்கி 216, அப்புறம் 1296, 7776 என்று 46,656 வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கால்குலேட்டர் வேண்டியிருந்தது. ஆனால் அவர் பையன்கள் நகரத்துப் பள்ளியில் படித்து, இங்கிலீஷில் பத்துப் பத்தாகத்தான் எண்ணுகிறார்கள். அதில் அவருக்கு மனக்குறை. ஊரிலேயே 250 பேர் என்னும்போது ஒரு குடும்பம் விலகினாலும் தெரியும்.

இதையெல்லாம் நம் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியுமா? "அங்கே மனுஷனை மனுஷன் தின்பானாமே?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "ஆப்பிரிக்காவில்தானே இருந்தே?" ஐயா, ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்கே என்றேன். "அவ்வளவு பக்கத்தில் இருந்துமா அங்கே நிரந்தரமாகத் தங்க பிஆர் வாங்காமல் வந்தே?" என்கிறார் என் சித்தப்பா.