மலைக்குப் போகும் பைக்குக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி (கொக்குவில்): நாங்கள் நான்கு நண்பர்கள். எல்லோரிடமும் 150 சிசி பைக், 2018, 2019இல் எடுத்தவை. ஒரு சனி, ஞாயிறில் மாத்தளைக்குப் போய், அங்கிருந்து றிவர்ஸ்டன் வளைவுகளில் ஓடிவிட்டு வர ஆசை. ஆளுக்கு முப்பதாயிரம் ரூபா ஒதுக்கியிருக்கிறோம். கடையில் கேட்டபோது கிராஷ் கார்ட் (விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பி), மேலதிக விளக்கு, பக்கப் பை, ஜாக்கெட் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். எதை வாங்குவது?

பதில்: தம்பிமார், பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் பைக்கின் பின் ரயருக்கு முன்னால் குந்துங்கள். ரயரின் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை கட்டைவிரலைக் குறுக்கே மெல்ல இழுங்கள். புது ரயர் என்றால் உரித்த தேங்காயைத் தடவுவதுபோல விரல் வளைந்து போகும். உங்களுடையதில் நடுவில் தட்டையாக ஒரு பட்டி இருக்கும். அந்தப் பட்டி முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும், ஒரு விளிம்பு விரலில் தட்டுப்படும். பள்ளிக்கூட அடிமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பைக்குகளின் ரயர் பெரும்பாலும் இப்படித்தான் தேயும். எங்கள் மண் தட்டை, வீதிகள் நேர். பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் வருடக்கணக்காக நிமிர்ந்தபடியே ஓடுகிறோம். நடுப்பகுதி தேய்கிறது, ஓரம் அப்படியே இருக்கிறது. இங்கே அதனால் ஒரு குறையும் தெரியாது. மலையில் பைக்கைச் சரிக்கும்போதுதான் தெரியும். அந்த விளிம்பைத் தாண்டும் கணத்தில் பைக் மெல்லச் சாயாமல் சட்டென்று விழுவதுபோலச் சாயும். வளைவின் நடுவில் அப்படி நடந்தால் பயத்தில் பிரேக்கைப் பிடிப்பீர்கள், அங்கேதான் ஆபத்து. ஓரத்தில் பள்ளங்கள் நிறைய இருக்கின்றன, ரயர் இன்னும் ஓடும் என்று மெக்கானிக் சொல்லலாம். இங்கே ஓடுவதற்கு அவர் சொல்வது சரி. மலைக்கு அது போதாது.

ஆகவே உங்கள் பணத்தில் முதல் செலவு ரயர். இரண்டும் மாற்ற முடியாவிட்டால், விளிம்பு அதிகம் தட்டுப்படுவதை முதலில் மாற்றுங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் எண்களின் கடைசி நான்கைப் பாருங்கள். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 2324 என்றால் 2024இன் 23ஆவது கிழமையில் செய்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து ரயரை எடுத்து வந்ததும், பூட்டச் சொல்லும் முன்னர், அந்த எண்ணை நீங்களே வாசியுங்கள். ஐந்து, ஆறு வருடம் கடையில் கிடந்த ரயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும். மழைநேரத்து மலை வீதிக்கு அதை வாங்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்கையே திருத்தித் திருத்தி ஓடினோம். உங்கள் பைக்குகளில் வாங்கிய நாளில் வந்த ரயரே இன்னும் இருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியானால் தேய்மானம் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள்.

புது ரயரைப் பயணத்துக்கு முதல்நாள் பூட்டாதீர்கள், இரண்டு கிழமைக்கு முன்னரே பூட்டுங்கள். புது றப்பரின் மேல்தோல் வழுக்கும், அது ஓடி ஓடித்தான் போகும். ஏ9இல் நேரே ஓடினால் நடுவில்தான் அது போகும், ஓரம் புதிதாகவே இருக்கும். மாத்தளை தாண்டி வருகிற முதல் வளைவுகளை மெதுவாக எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது செலவு பிரேக். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் கியர். இங்கே ஓடும் பழக்கத்தில், வேகம் கூடும்போதெல்லாம் முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பிடித்து விட்டேன். அரை மணி நேரத்தில் பிரேக் பிடி பஞ்சுபோலாகி, ஒரு வளைவில் ஹாண்டில்வரை வந்துவிட்டது. கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் எப்படியோ நிறுத்தினேன். டிஸ்க்கிலிருந்து எரிந்த மணம். நாற்பது நிமிடம் ஆறவிட்ட பிறகு பிடி தானாகவே பழைய இறுக்கத்துக்கு வந்தது. பிழை முழுவதும் என்னுடையது. அந்தப் பிரேக் ஒயிலை நான் நான்கு வருடமாக மாற்றவில்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிய டொட் 4 வகை ஒயில் குறைந்தது 230 பாகை சூடுவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவியை அமத்தலாம், பிரேக் பிடிக்காது. ஹாண்டிலில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தேன் நிறம் கலங்கிக் கோப்பி நிறமாகியிருந்தால் மாற்ற வேண்டும். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. ஒரு சின்னப் போத்தலின் விலைதான். பின்னால் ட்ரம் பிரேக் என்றால், பல பைக்குகளில் ட்ரம்மோடு பூட்டிய பிரேக் நெம்புகோலில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை மிதித்தபடி பாருங்கள், அம்பு ட்ரம்மில் உள்ள கோட்டை எட்டியிருந்தால் உள்ளே இருக்கும் ஷூ முடிந்துவிட்டது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் நான் எழுதும் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

மீதிப் பணத்தில் மழை உடை வாங்குங்கள். மேல், கீழ் என்று இரண்டு துண்டாக வரும் உடைதான் வேண்டும். போர்வைபோல் தொங்கும் கோட் காற்றில் பறந்து செயினுக்குள் போகலாம். தலைக்கவசம் ஒருமுறை நிலத்தில் பலமாக அடிபட்டிருந்தால் அதை விட்டுவிட்டு, இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள, தாடையையும் மூடும் ஒன்றை எடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஒரு அடியைத்தான் தாங்கும், அது நசுங்கியது வெளியே தெரியாது. தடித்த ஜீன்ஸ், கணுக்கால் மூடும் சப்பாத்து உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஜாக்கெட் பணம் மிஞ்சினால். கிராஷ் கார்ட்டுக்கு அவசரமில்லை, அகலமானது வளைவில் நிலத்தில் உரசவும் கூடும். மேலதிக விளக்கு வேண்டாம். இரவில் ஓடாவிட்டால் அதற்கு வேலையே இல்லை, இரவில் ஓட வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஏ9 வீதி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை 321 கிலோமீற்றர். மாத்தளை அதற்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 295இல் வரும். போய்வர 590. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர், போய்வர 60. அறுபது கிலோமீற்றர் வளைவுக்காக அறுநூறு கிலோமீற்றர் நேர் வீதி ஓடப்போகிறீர்கள். பைக்கில் நின்று நின்று போனால் மாத்தளைக்கு ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். சனி விடிய வெளிக்கிட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கி, வவுனியாவில் காலைச் சாப்பாடு, தம்புள்ளையில் மதியம் என்று போனால் பின்னேரம் மாத்தளை. அன்றைக்கு மலை ஏறக்கூடாது, களைத்திருப்பீர்கள். ஞாயிறு காலை ஏறி இறங்கி, அதே பகலில் 295 கிலோமீற்றர் திரும்பினால் வவுனியாவுக்கு இங்காலே இருட்டிவிடும். இருட்டில் அந்த வீதியில் மாடுகள் படுத்திருக்கும், கறுப்பு மாடு பத்து மீற்றர் தூரத்தில்தான் கண்ணில் படும். ஆகவே வெள்ளி அல்லது திங்களில் போயா (பௌர்ணமி) விடுமுறை வரும் கிழமையைத் தெரிவுசெய்து மூன்று நாளாகப் போங்கள். மூன்று நாள் கிடைக்காவிட்டால் அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

மலையில் சில விஷயங்கள். றிவர்ஸ்டனுக்குக் காலையிலேயே ஏறுங்கள், மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கினால் வளைவே தெரியாது. பெற்றோல் மாத்தளையில் நிரப்புங்கள், இரத்தோட்டைக்கு மேலே கடை கண்ணி குறைவு. அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிருங்கள். பின்னேர இடிமழை அந்தக் காலத்தில் அதிகம், மண்சரிவும் அதோடு வரும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனது 2014 அக்டோபர் 29இல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை வெளியிட்டிருக்கும் மாவட்டத்துக்குள், எவ்வளவு ஆசைப்பட்டாலும், போகாதீர்கள்.

கேள்வி (சாவகச்சேரி): எனக்கும் மனைவிக்கும் நுவரெலியாவுக்குப் பைக்கில் போக விருப்பம். எங்களிடம் இருப்பது 110 சிசி ஸ்கூட்டர். அதிலேயே போகலாமா, அல்லது பஸ்ஸில் கண்டிக்குப் போய் அங்கே வாடகைக்கு எடுப்பதா?

பதில்: வாடகைதான். ஸ்கூட்டர் ஏறிவிடும், எனக்கு இறக்கத்தைப் பற்றித்தான் கவலை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் சக்தி குறைவு, முழுப் பாரத்தையும் பிரேக்கே சுமக்கும். இரண்டு பேர், ஒரு பை, சின்னச் சில்லு, ட்ரம் பிரேக். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, திரும்பி வரும்போது அதிலே இறங்கும் பகுதி நீளம்.

வாடகைக்கு எடுக்கும்போது கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, காப்புறுதி. சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட வாகனத்துக்கு உதவாது. வாடகைப் பாவனைக்கு உரியதா என்று காப்புறுதிச் சீட்டை வாங்கி வாசியுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பாருங்கள். பொலிஸ் மறித்தால் கடைக்காரர் அல்ல, நீங்கள்தான் வீதியில் நிற்பீர்கள். தேசிய அடையாள அட்டையைப் பிணையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், பிரதி கொடுங்கள், தேவையானால் வைப்புப் பணம் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன்னர் கடைவாசலிலேயே நாலாபக்கமும் கைபேசியில் வீடியோ எடுங்கள். பழைய கீறல், கண்ணாடி, பெற்றோல் அளவு எல்லாம் அதில் வரட்டும், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள். பிறகு மேலே சொன்ன கட்டைவிரல் சோதனை. அதற்கு அவர் மறுப்புச் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி (நெல்லியடி): போன மாதம் நுவரெலியாவில் என் பைக் இழுக்கவில்லை, கறுப்புப் புகையும் வந்தது. அங்கே ஒரு கராச்சில் காபரேற்றர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றாமலே வந்தேன். இங்கே வந்ததும் நன்றாக ஓடுகிறது. இனி மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் எங்கள் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றருக்கு அது தெரியாது. இங்கே விடும் அளவிலேயே பெற்றோலை விடும், காற்று மட்டும் குறையும். அதனால்தான் புகையும் சோர்வும். இறங்கியதும் தானாகவே சரியாகும். ஏயர் ஃபில்ரர் தூசி பிடித்திருந்தால் மேலே இன்னும் மோசமாகத் தெரியும், அதை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): மலைப் பயணத்துக்கென்று இரண்டு ரயர் வாங்கினேன். "புதுச் சரக்கு, இந்த மாதம்தான் வந்தது" என்றார்கள். வீட்டில் பார்த்தால் எண் 1418. திருப்பிக் கொண்டுபோனேன். பில்லில் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது என்று காட்டுகிறார்கள்.

பதில்: 2018இன் 14ஆவது கிழமை, ஏப்ரல் மாதத்து ரயர். அதைப் புதுச் சரக்கு என்று சொல்லி விற்றது பிழை. பில்லில் அச்சடித்த ஒரு வரி நீங்கள் முறைப்பாடு செய்வதைத் தடுக்காது. பூட்டியிருக்காவிட்டால் இனிப் பூட்டாதீர்கள், ஒரு கிலோமீற்றர் ஓடினாலும் உங்கள் கை பலவீனமாகும். எண் தெளிவாகத் தெரிய, பில்லும் பக்கத்தில் இருக்க, ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்.

பிறகு கடைக்கு இன்னொருமுறை போங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தில் அல்ல, கடை திறந்த கையோடு. வேலை செய்யும் பையனிடம் கோபப்பட்டுப் பயனில்லை, முதலாளியிடம் பேசுங்கள். காசு கேட்காமல், திகதி கிட்டிய ரயர் இரண்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், தேவையானால் வித்தியாசத்தைக் கட்டுவதாகச் சொல்லுங்கள். கடைக்காரர் இறங்கி வருவதற்கு வழி விட்டால் பலர் அங்கேயே ஒத்துக்கொள்வார்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்போடு நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள். வாங்கிய திகதி, விலை, அவர்கள் சொன்ன வார்த்தை, ரயரின் நான்கு எண்கள், பில்லின் பிரதி, படம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பில்லில் ரயரின் பெயர் இல்லாமல் வெறும் தொகை மட்டும் எழுதியிருந்தால், கடைக்குப் போகும்போதே அதைச் சரியாக எழுதித் தரும்படி முதலில் கேட்டு வாங்குங்கள்.